பொங்காத வெள்ளைக்கல்

காலாண்டுத் தேர்வில் வேதியியலில் மட்டும் ஃபெயில். மேல்நிலை வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. விடைத்தாளில் சமன்பாடு எழுதிய இடமெல்லாம் சிவப்பு வட்டம். அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் நாலு ஆக்சிஜன், அந்தப் பக்கம் மூன்று. மீதி ஒன்று எங்கே போனது என்று எழுதிய எனக்கே தெரியவில்லை.

எங்கள் வீடு சேலம் மாமாங்கத்தில். பெங்களூரு நெடுஞ்சாலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், சேர்வராயன் மலைக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக மேடுகள் கிடக்கும். வெள்ளைக்கல் சுரங்கம். ஆங்கிலேயர் அதற்கு 'சாக் ஹில்ஸ்' என்று பேர் வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் சாக் என்பது கால்சியம் கார்பனேட். எங்கள் ஊர்க் கல் மாக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். (கரும்பலகையில் எழுதும் சாக்பீஸும் இப்போது பெரும்பாலும் ஜிப்சம்தான். பேரை நம்பினால் வேதியியலில் உருப்பட முடியாது.)

தாத்தா அந்தக் கல்லைச் சுடும் சூளையில் வேலை பார்த்தவர். ஒருநாள் ராத்திரி வீட்டுப்பாடக் கணக்கைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன்: 84 கிராம் மெக்னீசியம் கார்பனேட்டை நன்றாகச் சூடுபடுத்தினால் எத்தனை கிராம் மெக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும்? திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பாதி தேறாது கண்ணு" என்றார்.

"எப்படித் தாத்தா?"

"ரெண்டு லோடு கல்லைச் சூளையில போட்டா ஒரு லோடுகூட முழுசா வராது. மீதி காத்தாப் போயிடும்."

உட்கார்ந்து அணு எடைகளைக் கூட்டிப் பார்த்தேன். மெக்னீசியம் 24, கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48. மொத்தம் 84. சுட்ட பிறகு சூளையில் மிஞ்சுவது மெக்னீசியமும் ஒரே ஒரு ஆக்சிஜனும், 40. காற்றாகப் போனது கார்பன் டைஆக்சைடு, 44. தாத்தா சொன்ன "பாதி தேறாது" கிராம் சுத்தமாக வந்துவிட்டது. மோல் (அணு எடைகளின் கூட்டுத்தொகையை அப்படியே கிராமில் எடுத்த அளவு) என்றால் என்ன என்று மூன்று மாதமாக மண்டையில் ஏறாதது அன்றைக்குத்தான் ஏறியது. காணாமல் போகும் ஆக்சிஜன் என்று ஒன்று கிடையாது. எங்கே போனது என்று நான் தேடாததுதான் தப்பு.

அந்த ஜோரில் நெல்லிக்காய் அளவு வெள்ளைக்கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கார்பனேட்டில் அமிலம் பட்டால் நுரைத்துப் பொங்கும் என்று பாடத்தில் இருக்கிறதே. டீச்சர் ஒரு பீக்கரில் என் கல்லையும் இன்னொன்றில் பளிங்குத் துண்டையும் போட்டு, இரண்டிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினார். பளிங்கு சோடா பாட்டில் மாதிரி பொங்கியது. என் கல் சும்மா கிடந்தது. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் இரண்டு மூன்று குமிழி. "உங்க ஊர்க் கல்லு டூப்ளிகேட்டுடி" என்று பின்பெஞ்ச் சிரித்தது.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கல்லைக் கழுவித் துடைத்து, உடைத்து, கல்வத்தில் போட்டு அரைக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். கை வலிக்க அரைத்தேன். அந்தப் பொடியைச் சோதனைக்குழாயில் போட்டு, அதே அமிலத்தை ஊற்றி, லேசாகச் சூடு காட்டினார். அடியிலிருந்து சுறுசுறுவென்று கிளம்பியது. வந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விட்டதும் பால் மாதிரி ஆனது. "வினை நடக்குமாங்கிறது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமா நடக்கும்ங்கிறது வேற கேள்வி" என்றார். கல் அதேதான், அமிலம் படும் பரப்பும் வெப்பமும்தான் கூடியிருந்தன.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், உப்புப் பகுப்பாய்வு வந்தது. ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, இதில் இருக்கும் நேர்மின் அயனி எது, எதிர்மின் அயனி எது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நேர்மின் அயனியைத் தொகுதி தொகுதியாகத் தேட வேண்டும். குறிப்பிட்ட கரைசலை ஊற்றினால் ஒன்றுபோல் திடமாக, அதாவது வீழ்படிவாக, அடியில் விழும் அயனிகள் ஒரு தொகுதி. நான் போன டியூஷனில் ஒரு குறுக்குவழி சொல்லியிருந்தார்கள்: வெள்ளையாக ஏதாவது விழுந்துவிட்டால் அங்கேயே நில், அடுத்த தொகுதிக்குப் போகாதே.

மாதிரித் தேர்வில் என் பொடி அமிலத்தில் பொங்கியது. சரி, கார்பனேட். அலுமினியம் விழும் மூன்றாம் தொகுதிக்கு அம்மோனியம் குளோரைடு ஒரு சிட்டிகை போட்டு, அம்மோனியம் ஹைட்ராக்சைடு ஊற்றினேன். வெள்ளையாக விழுந்தது. நின்றுவிட்டேன். அலுமினியம் கார்பனேட் என்று எழுதிக் கொடுத்தேன்.

டீச்சர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "இந்த உப்பை எந்தக் கடையில வாங்கினே? அலுமினியம் கார்பனேட்டுன்னு பாட்டில்ல ஒட்டி விக்கற பொருளே கிடையாதும்மா."

"ஏற்காட்டுல பாக்சைட் இருக்கே டீச்சர்" என்று உளறினேன். பாக்சைட் அலுமினியத்தின் தாது என்பது உண்மை. அது கார்பனேட் இல்லை என்பதும் உண்மை.

"அம்மோனியம் குளோரைடு எவ்வளவு போட்டே?"

"கொஞ்சம் டீச்சர்."

"சாம்பாருக்குப் பெருங்காயம் போடற கொஞ்சமா?"

விஷயம் அந்தச் சிட்டிகையில்தான் இருந்தது. அம்மோனியம் ஹைட்ராக்சைடு வலிமை குறைந்த காரம், கொஞ்சமாகத்தான் அயனியாகும். அம்மோனியம் குளோரைடு தாராளமாக இருந்தால் அம்மோனியம் அயனி கூடி, அது அயனியாவதை இன்னும் அடக்கிவிடும். பொது அயனி விளைவு என்பது இதுதான். அப்போது இருக்கும் சொற்ப ஹைட்ராக்சைடு அலுமினியத்தை வீழ்படிவாக்கப் போதும், மெக்னீசியத்துக்குப் போதாது. மெக்னீசியம் கரைசலிலேயே தங்கி, கடைசித் தொகுதி வரைக்கும் வரும். நான் கஞ்சத்தனம் செய்ததால் மூன்றாவதிலேயே விழுந்துவிட்டது. என் பொடி மெக்னீசியம் கார்பனேட். பிறந்ததிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கும் பொருளை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்புறம் அரையாண்டு வரைக்கும் சனிக்கிழமைதோறும் லேபில்தான் இருந்தேன். டியூஷனை நிறுத்திவிட்டேன், அம்மாவுக்குக் கட்டிய பணம் வீணாயிற்றே என்று வருத்தம்.

செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது அம்மோனியம் குளோரைடு. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கியதும் மூக்கைத் துளைத்தது. அம்மோனியத்தைக் காட்டும் நெஸ்லர் கரணியில் பழுப்பு, குளோரைடைக் காட்டும் சில்வர் நைட்ரேட்டில் தயிர் மாதிரி வெள்ளை. சீக்கிரமே முடித்துவிட்டேன். பக்கத்து மேசையில் "டூப்ளிகேட்" என்று சிரித்தவள் நின்றிருந்தாள். அவள் குழாயில் வெள்ளைப் பொடி பொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள். நடுவில் வெளித்தேர்வாளர் நடந்துகொண்டிருந்தார், நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அம்மோனியம் குளோரைடு பாட்டிலைத் திறந்து, கரண்டி நிறைய அள்ளினாள். நான் பியூரெட் பக்கம் திரும்பிக்கொண்டேன்.