ஈரோட்டில் ஒரு மினிட் புக் தேடி

கோவையிலிருந்து ஈரோட்டுக்குப் போன ரயிலில் திருப்பூர்வரை நின்றுகொண்டேதான் வந்தேன். இறங்கியதும் நேராகப் பிரப் ரோடு. பலகைகளில் மீனாட்சி சுந்தரனார் சாலை என்று இருந்தாலும், ஆட்டோக்காரரிடம் பிரப் ரோடு என்றால்தான் சட்டென்று புரிகிறது. ஜவுளிக்கடைக் கூட்டத்தைத் தாண்டினால் பிரப் சர்ச். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லண்டன் மிஷனரி சங்கத்துப் பாதிரியார் பிரப் கட்டிய கோயில்.

கட்டடம் அழகுதான். ஆனால் நான் போனது அதற்காக இல்லை; பழைய மினிட் புக், அதாவது கூட்டங்களின் நடவடிக்கைகளை எழுதிவைத்த குறிப்பேடு, ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான். 1795இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் பழைய ஆவணங்கள் இப்போது லண்டனில், சோவாஸ் (SOAS) என்ற பல்கலைக்கழகக் கல்லூரி நூலகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் பட்டியலைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே அரிப்பு. இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்புகள், கமிட்டிக் கூட்டக் குறிப்புகள், ஊழியத்துக்கு விண்ணப்பித்தவர்களின் தாள்கள், இங்கிருந்து போன கடிதங்கள், ஆண்டறிக்கைகள் என்று எதையும் தூக்கிப் போடாத சங்கம் அது. பெண் ஊழியர்களை அனுப்புவதற்கென்று 1875இல் தனியாக ஒரு பெண்கள் கமிட்டியே இருந்திருக்கிறது.

சேலத்தில் 1827இலும் கோவையில் 1830இலும் இந்தச் சங்கம் கால் ஊன்றியது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869இல். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கோவையிலிருந்து ஒரு கேள்வி எழுதினால், லண்டனில் கூடிப் பேசி, பதில் வந்து சேர ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை இங்கே இருப்பவர் சும்மா இருந்திருப்பாரா? முதலில் வேலையை முடித்துவிட்டு அப்புறம் அனுமதி கேட்ட துரைமார் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அதனால் கமிட்டிக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கொங்கு நாட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிட முடியாது. அதில் பணமும் அனுமதியும்தான் பேசும். ஊர் ஊராக நடந்து போதித்த உபதேசியார்களும், வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு பைபிள் சொல்லிக்கொடுத்த ‘பைபிள் பெண்களும்’ அறிக்கைகளில் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள்.

கோயில் வளாகத்தில் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் பாஸ்டரேட் கமிட்டியில் பல வருடம் இருந்தவராம்.

“பழைய மினிட் புக் ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்டேன்.

“இப்போதையது இருக்குதுங்க தம்பி. வெள்ளைக்காரன் காலத்ததெல்லாம் யாருகிட்ட இருக்குதோ. அதைப் படிச்சு என்னங்க பண்றது? பூராவும் கணக்குத்தான் இருக்கும்.”

“அந்தக் கணக்குத்தாங்க வேணும்.”

சிரித்துவிட்டார். இன்றைக்கும் முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசித்து, திருத்தம் கேட்டு, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த விஷயமாம். ஒருமுறை பெயின்ட் செலவுத் தீர்மானத்துக்கு மூன்று மணி நேரம் வாக்குவாதம் நடந்ததை ரசித்துச் சொன்னார். 1947இல் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, நிர்வாகம் கைமாறிய பிறகும் லண்டன்காரர்களின் இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை போலும்.

பக்கத்தில் கிடைத்த பருத்திப்பால் அருமை. அதைக் குடித்துக்கொண்டே அடுத்த ஊரை முடிவு செய்தேன்: பெங்களூர். அங்கே ஐக்கிய இறையியல் கல்லூரியின் காப்பகத்தில் தென்னிந்திய மிஷன்களின் பழைய தாள்கள் இருக்கின்றன. லண்டனுக்கு டிக்கெட் போட என்னால் ஆகாது. ஈரோட்டிலிருந்து பெங்களூருக்கு ராத்திரி பஸ் இருக்கிறது.