கிருமியே இல்லாத சீழ்

சீழ் என்றதும் கிருமித்தொற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், 1910ஆம் ஆண்டில் லியோ ஃபான் சும்புஷ் விவரித்த 'பரவலான சீழ்க்கொப்புள சொரியாசிஸ்' என்னும் அரிய நோயில், கடும் காய்ச்சலோடு உடலெங்கும் தோல் சிவந்து, ஊசிமுனை அளவிலான கொப்புளங்கள் பொங்கியெழுந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அந்தச் சீழை எடுத்துச் சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தாலோ எந்தக் கிருமியும் வளர்வதில்லை. நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியே இல்லாமல் நடத்தும் போர் இது. ஆளையே கொன்றுவிடவும் கூடும்.

நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோல் செல்களுக்கு இடையே நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்கள், நீரை உறிஞ்சிய கடற்பஞ்சைப்போல இடுக்குகள்தோறும் நிறைந்திருக்கும். இவற்றை அங்கே அழைத்தது யார்?

அதற்கான முக்கியமான விடை 2011இல், இந்த நோயுள்ள துனிசியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது கிடைத்தது. தோல் செல்கள் ஆபத்தை அறிவிக்க இன்டர்லூகின்-36 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது செல்லின் மேலுள்ள, சமிக்ஞையை வாங்கும் 'ஏற்பி' என்னும் புரதத்தில் அமர்ந்துதான் வேலை செய்கிறது. அதே ஏற்பியில் போய் அமர்ந்துகொண்டு, எந்தச் சமிக்ஞையும் அனுப்பாமல் இன்டர்லூகின்-36ஐத் தடுக்கும் இன்னொரு புரதமும் நம் உடலில் உண்டு. அந்தத் தடுப்புப் புரதத்துக்கான ஐஎல்36ஆர்என் மரபணுவின் இரு பிரதிகளும் அந்த நோயாளிகளிடம் பழுதாகியிருந்தன. தடுப்பார் இல்லாததால், தோல் செல்கள் இன்டர்லூகின்-8 போன்றவற்றைச் சுரந்து நியூட்ரோபில்களை ஓயாமல் வரவழைக்கின்றன. என்னை மிகவும் வியக்கவைப்பது அடுத்த கட்டம்தான்: வந்து சேர்ந்த நியூட்ரோபில்கள் வெளியிடும் எலாஸ்டேஸ், கதெப்சின்-ஜி ஆகிய நொதிகள், முழுவீரியம் பெறாத இன்டர்லூகின்-36ஐ வெட்டிப் பலமடங்கு வீரியமுள்ளதாக மாற்றிவிடுகின்றன, அழைக்கப்பட்டவையே மேலும் அழைப்பை உரக்க எழுப்புவதால் சுழற்சி தானாக நிற்பதில்லை.

தொற்று, கர்ப்பம், ஸ்டீராய்டு மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆகியவை இந்தச் சுழற்சியைத் தூண்டிவிடலாம். ஸ்டீராய்டை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்று இத்தனை அழுத்தமாகச் சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நோயுள்ள எல்லோரிடமும் அந்த மரபணுப் பழுது இருப்பதில்லை. சிலரிடம் கார்டு14, ஏபி1எஸ்3, எம்பிஓ ஆகிய மரபணுக்களில் மாற்றங்கள் உள்ளன. ஆனாலும், இன்டர்லூகின்-36 ஏற்பியை அடைக்கும் ஸ்பெசோலிமாப் மருந்தை 53 நோயாளிகளிடம் சோதித்தபோது, ஒரே ஊசியில், ஒரே வாரத்தில், மருந்து பெற்றவர்களில் 54 சதவீதம் பேரிடம் கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் எதுவும் மிஞ்சவில்லை. வெற்று மருந்து பெற்றவர்களில் அது 6 சதவீதம்தான். ஐஎல்36ஆர்என் பழுது இல்லாதவர்களிடமும் பலன் தெரிந்தது. ஆக, தொடக்கம் எந்த மரபணுவாக இருந்தாலும் தீ பரவும் பாதை பெரும்பாலும் இந்த ஏற்பியின் வழியேதான் செல்கிறது என்பதற்கு, என் பார்வையில், இதைவிட வலுவான சான்று இல்லை.