பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்குக் கூட்டாளிகள் கிடைத்த கதை

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருமே வீட்டிலிருந்துதான் படிக்கிறார்கள். பெரியவளுக்கு 13 வயது, சின்னவனுக்கு 10. மதுரையில் நத்தம் ரோட்டுப் பக்கம் வீடு. இந்த முடிவை யோசித்துக்கொண்டிருக்கும் அம்மா அப்பாக்கள் யாராவது எப்போதும் என்னிடம் பேச வருகிறார்கள், கணக்கை யார் சொல்லித் தருவது, பத்தாவது பரீட்சையை எப்படி எழுதுவது என்று பாடத்தைப் பற்றியேதான் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். எங்களை உண்மையில் அலைய வைத்தது பிள்ளைகளுக்குக் கூட விளையாட ஆள் வேண்டும் என்கிற விஷயம்தான், அதைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது பெரியவள் இரண்டாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் அவளைப் பற்றிச் சொல்வார்கள். வீட்டில் இருந்த அந்தக் காலத்தில் தானாகப் புத்தகம் எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள், ராத்திரி தூங்கப் போகும்போதும் கேட்டாள். தெருவிலும் அப்போது பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் ஆன்லைன் வகுப்பை முடித்துவிட்டு எல்லாரும் எங்கள் மொட்டை மாடிக்கு வந்துவிடுவார்கள், இருட்டினாலும் இறங்க மாட்டார்கள். இவ்வளவு நன்றாகப் போகிறதே, இப்படியே தொடர்ந்தால் என்ன என்று நானும் என் கணவரும் பேசிப் பேசி, 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தபோது இரண்டு பேரையும் அனுப்பவில்லை.

அன்று திங்கள்கிழமை. காலை ஒன்பது மணிக்குள் தெருவே காலி. பெரியவளுக்குப் புரிந்தது. ஆறு வயதுச் சின்னவன் மட்டும் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். அந்த மாதம் மழை கொட்டித் தீர்த்ததால் அடிக்கடி லீவு விட்டார்கள், லீவு என்று டிவியில் ஓடினால் அவன் குதிப்பதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைக்கும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளைவிட இவன்தான் மழை லீவுக்குக் காத்திருந்தான்.

இதற்கு நடுவில் டிசி வாங்கும் வேலை. அடுத்து எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் தர முடியாது என்று இழுத்தடித்தார்கள். விடாமல் போய் வாங்கினோம். டிசி வந்ததும் கல்வித்துறையின் எமிஸ் பதிவில் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும், வேறு பள்ளியிலும் பெயர் ஏறாவிட்டால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆள் வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் ஓர் ஆசிரியர் பயிற்றுநர் வந்தார். நான் பயந்துதான் கதவைத் திறந்தேன். அவர் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பெரியவளின் நோட்டுகளைப் புரட்டினார், ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார், சின்னவனைக் கூட்டல் கணக்குப் போடச் சொன்னார். அப்புறம் என்னிடம், "நாங்க கேக்குறது புள்ளை வேலைக்குப் போயிடக் கூடாதுன்னுதாம்மா. எப்ப மனசு மாறினாலும் வயசுக்கேத்த வகுப்புல சேத்துக்குவோம், கூச்சப்படாம வாங்க" என்றார். 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது, வீட்டுக் கல்வியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அதற்கென்று இங்கே தனிப் பதிவும் கிடையாது. ஆனால் நடுவில் படிப்பை விட்ட பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் நான்காவது பிரிவு சொல்கிறது. திரும்பிப் போக ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது.

சரி, கூட்டாளி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கவனித்தது தெருப் பிள்ளைகளின் நேரத்தை. நாலரைக்கு வேன் வந்து இறக்கிவிடும், ஐந்தரைக்கு டியூஷனுக்குக் கிளம்பிவிடுவார்கள், வாரநாளில் அவர்கள் வெளியே இருப்பது அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான். அதனால் மாலை நான்குக்கு மேல் எங்கள் வீட்டில் பாடமும் கிடையாது, வெளி வேலையும் கிடையாது, உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பினாலும் அதற்கு முன்னால் திரும்பிவிடுவோம். கேட் திறந்தே இருக்கும். கேரம் போர்டு வராந்தாவில் விரித்தபடி கிடக்கும். சுண்டலோ வேர்க்கடலையோ அவித்து ஒரு சட்டியில் வைத்துவிடுவேன், வேனிலிருந்து பசியோடு இறங்குகிற பிள்ளை கை கழுவிவிட்டு நேராக அந்தச் சட்டிக்குத்தான் வரும். பையைக்கூட வீட்டில் வைக்காமல் வந்துவிடுகிறார்களே என்று எதிர்வீட்டு அக்கா முதலில் கோபப்பட்டார், பிறகு அவரே முறுக்கு கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார். இது பிடிபட எங்களுக்கு முதல் வருடம் முழுக்க ஆனது. பிள்ளைகளுக்குள் உறவு வேர் பிடிக்க ஒரே நேரம், ஒரே இடம், அதே முகங்கள் வேண்டும். பள்ளிக்கூடம் அதைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறது, வீட்டில் படிக்க வைக்கிறவர்கள் அதை உட்கார்ந்து உண்டாக்க வேண்டியிருக்கிறது.

சிலம்பமும் அப்படித்தான் வாய்த்தது. காலை ஆறு மணிக்கு மைதானத்தில் ஆசான் சொல்லித் தருகிறார். ஆறு வயதுப் பொடியனும் கல்லூரிப் பையனும் ஒரே மண்ணில் நிற்பார்கள், ஆசான் பெரியவர்களைத் திருத்துவார், சின்னவர்களுக்குக் காலடி சொல்லித் தருவது பெரியவர்கள் வேலை. என் மகனுக்குக் கால் மாற்றி வைக்கச் சொல்லிக் கொடுத்தது பாலிடெக்னிக் படிக்கும் ஓர் அண்ணன். கம்பால் மண்ணில் கோடு போட்டு, இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதுடா தம்பி என்று பொறுமையாக நின்று காட்டுவான். பயிற்சி முடிந்து எல்லாரும் பருத்திப்பால் வண்டியைச் சுற்றி நின்றுகொள்வார்கள், சுக்கும் கருப்பட்டியும் மணக்கிற டம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பேசும் அந்தப் பேச்சுக்காகவே என் மகள் ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறாள். அவளுடைய நெருங்கிய தோழி அங்கே கிடைத்தவள்தான், ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். வார இறுதியில் ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஓவியம். அது அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்துவது, 5 முதல் 16 வயதுப் பிள்ளைகள் போகலாம், கட்டணமும் சொற்பம்.

போட்டி என்று வந்தால்தான் மனசு கஷ்டப்படும். குறுவட்டம், மாவட்டம் என்று பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகளுக்குப் பள்ளி வழியாகத்தான் போக முடியும். முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவு 12 வயதில் தொடங்குகிறது, பொதுப் பிரிவு 15 வயதில். பெரியவளுக்குப் பள்ளியும் இல்லை, 15 வயதும் ஆகவில்லை. கூடவே பயிற்சி எடுத்தவர்கள் எல்லாரும் பள்ளிப் பெயர் போட்ட பனியனோடு பஸ் ஏறும்போது கை காட்டி அனுப்பிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள், அன்று சாப்பிடவில்லை. பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் போதும் என்கிற ஓபன் போட்டிகளுக்கு அனுப்புகிறோம், ஜெயித்தும் வந்திருக்கிறாள். ஆனாலும் அந்தப் பஸ்ஸுக்கு அது ஈடாகாது. வீட்டுக் கல்வியில் எதையும் இழக்க மாட்டீர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இந்த இழப்பு நிஜம்.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த இடம் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தார்கள், எங்களுக்குப் பக்கத்திலேயே. குழந்தைகள் பிரிவு அருமையாக இருக்கிறது, ஆனால் வாரநாள் காலையில் அங்கே பிள்ளைகள் அதிகம் இருக்க மாட்டார்கள். கட்டடம் நிறைய இருப்பது போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும்தான், வீட்டிலிருந்து புத்தகமும் டிபன் டப்பாவும் கட்டிக்கொண்டு வந்து மாலை வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் மத்தியானம் வெளியே நிழலில் சாப்பிட உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம். என் மகள் கையிலும் அதே புத்தகம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் புத்தகங்களை வரி விடாமல் படிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. அக்கா, நீங்களும் ஏழாவதா என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, வா உட்காரு, எனக்குக் கேள்வி கேளு என்றார். பிற்காலச் சோழர், டெல்லி சுல்தான்கள் என்று பாடம் பாடமாக ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து அவர்கள் கூட்டத்தில் இவள் ஒருத்தி. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவர், கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரிடம் குழந்தையை விட்டுவிட்டு வருகிறவர் என்று அவர்கள் ஒவ்வொருவரும் படும் பாட்டையும் இவள் கேட்டு வைத்திருக்கிறாள். அதில் ஒருவர் குரூப் 4 தேர்ச்சி பெற்ற அன்று முதல் லட்டு இவளுக்குத்தான் கிடைத்தது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்று சொன்னார்களே, அவளைத்தான் சொல்கிறேன்.

எங்களைப் போல வீட்டில் படிக்க வைக்கும் குடும்பங்களின் சந்திப்புகளுக்கும் போயிருக்கிறோம். சென்னை, கோவை, ஆரோவில், திருவண்ணாமலைப் பக்கம் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் கூடுதல், மதுரையில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சந்திப்புகள் எனக்கும் என் கணவருக்கும் பெரிய தெம்பு, நாம் மட்டும் தனியாக இல்லை என்று தோன்றும். பிள்ளைகளுக்கு அவ்வளவாக உதவவில்லை. இரண்டு நாள் உருண்டு புரண்டு விளையாடுவார்கள், பிரிந்தால் அடுத்த வருடம்தான். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் சொல்வது, வீட்டில் படிக்கிற பிள்ளையாகத் தேடி ஊர் ஊராக அலையாதீர்கள், உங்கள் தெருவிலும் மைதானத்திலும் வாரா வாரம் வருகிற பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

சொந்தக்காரர்கள் பக்கம் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் பிள்ளையைப் பார்த்ததும் எத்தனாவது படிக்கிற என்று கேட்பது நம் ஊர் வழக்கம். எட்டாவது மாமா, வீட்டில இருந்து படிக்கிறேன் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள், அதற்கு மேல் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்தில் இருக்கும் என் அம்மாதான் முதலில் அழுதே விட்டார், சேக்காளி இல்லாம புள்ளைக என்னடி ஆகும் என்று. இப்போது ஊர்ப் பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாடியே அம்மாச்சி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், பள்ளிக்குப் போகிற பேரப்பிள்ளைகள் சாமி கும்பிட்ட மறுநாளே ஓடிவிட, இவர்கள் பந்தல் பிரிக்கிற வரைக்கும் இருந்துவிட்டு வருகிறார்கள். எனக்கும் அது ஒத்தாசை. நான் வீட்டிலிருந்து சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்கிறேன், மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கினால் என்னால் தலை நிமிர முடியாது. ஒருத்தர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பதால் வருமானம் குறைந்துதான் போனது, அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை விஷயம். என்ஐஓஎஸ் என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், தமிழிலேயே எழுதலாம். ஐந்து பாடத்தையும் ஒரே தடவையில் முடிக்க வேண்டியதில்லை, ஐந்து வருடத்துக்குள் பிரித்துப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். மாநில வழியில் போனால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது, அதற்குப் பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும்.

இதில் எது என்று இப்போது வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சிலம்பத் தோழி படிக்கும் பள்ளியிலேயே ஒன்பதாவது சேர வேண்டும் என்று பெரியவளுக்கு ஆசை வந்திருக்கிறது. அந்தப் பஸ்ஸும் ஒரு காரணம், மறைக்காமல் சொல்கிறாள். என் கணவருக்கு என்ஐஓஎஸ்தான் பிடித்திருக்கிறது. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதி வைத்துவிட்டால் ஒன்பதாவதில் சேரவும் உதவும், மனம் மாறினால் என்ஐஓஎஸ்ஸும் எங்கே போய்விடப் போகிறது என்று அவளே சமாதானம் சொல்லியிருக்கிறாள். பிறப்புச் சான்றிதழும், அன்று போராடி வாங்கிய டிசியும் எடுத்து வைத்திருக்கிறேன். தோழி தன்னுடைய எட்டாம் வகுப்புப் புத்தகங்களை அட்டை மாற்றிக் கொடுத்துவிட்டாள். கணக்கு மட்டும் உதைக்கிறது, அதற்கு நூலகத்து அக்கா ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சின்னவனையும் கேட்டோம், அவனுக்கு இப்போதைக்குப் பள்ளி வேண்டாமாம்.