பழைய கார் விற்கும்போது பணம் எப்படி வருது, யார் கணக்கிலிருந்து வருது

வேலூரில் கார் விற்கிறவர்கள் விலையைப் பேச நாலு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். பணத்தை எந்த வழியில் வாங்குவது என்பதை மட்டும், சாவி கைமாறும் அன்றைக்கு வண்டி பக்கத்தில் நின்றபடி அஞ்சு நிமிஷத்தில் முடிவு செய்கிறார்கள். ஏமாற்ற வருகிறவன் காத்திருப்பது அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான். அதனால் விலை பேசும்போதே பணம் வரும் வழியையும் பேசிவிடுங்கள். "மூணே கால் லட்சம், உங்க சொந்தக் கணக்கிலிருந்து ஆர்டிஜிஎஸ், பேங்க் வேலை நாள்ல காலையில" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் (ஆர்டிஜிஎஸ் என்பது பெரிய தொகையை ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு உடனே அனுப்பும் முறை). இதைக் கேட்டதும் பின்வாங்குகிறவர் பின்வாங்கட்டும்.

எந்த வழியானாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கொடுத்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? அந்தப் பணம் யாருடையது? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. இன்றைக்குப் பெரிய தலைவலி அதில்தான் இருக்கிறது, அதையே முதலில் பார்ப்போம்.

ஏதோ ஒரு மாநிலத்தில் ஒருவர் ஆன்லைன் மோசடியில் பணத்தை இழந்து, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்கிறார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனது என்று வங்கிகள் சங்கிலி பிடித்துக்கொண்டே வரும். வழியில் உள்ள கணக்குகளில் அந்தத் தொகையைப் பிடித்து வைப்பார்கள், சில நேரம் கணக்கையே முடக்குவார்கள். திருடிய பணத்தைக் கணக்கில் வைத்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தவன் அதைப் பொருளாக மாற்றப் பார்ப்பான். பழைய கார் அதற்கு வசதி. உங்கள் கணக்கில் முழுத் தொகையும் ஒழுங்காக ஏறியிருக்கும், வண்டியும் போயிருக்கும். பத்து நாள் கழித்து ஏடிஎம்மில் பணம் வராது. வங்கியில் கேட்டால், கேள்விப்படாத ஊரின் காவல் நிலையத்தைச் சொல்வார்கள். நீங்கள் நேர்மையாக வண்டி விற்றவர் என்று அங்கே காகிதம் அனுப்பி நிரூபிக்க வேண்டும்.

இதற்குத் தடுப்பு ஒன்றுதான். வண்டியின் பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30-இல் வாங்குபவராக எழுதும் பெயர், ஆதாரில் உள்ள பெயர், பணம் வரும் வங்கிக் கணக்கின் பெயர், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். "எங்க மாமா கணக்குல இருந்து போட்டுடறேன்ணா" என்பது நம் பக்கம் சகஜம், பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். இருந்தாலும் மாமா முதலில் மருமகன் கணக்கில் போடட்டும், அங்கிருந்து உங்களுக்கு வரட்டும். அரை மணி நேர வேலை. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்கள் கம்பெனி கணக்கிலிருந்து போடுகிறேன் என்பார்கள். அப்படியானால் வண்டியைக் கம்பெனி பெயருக்கே எழுதுங்கள். "லிமிட் தாண்டிடுச்சு, ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போடுறாங்க" என்று முகம் தெரியாத பெயர்களில் துண்டு துண்டாகப் பணம் வர ஆரம்பித்தால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இனி வழிகள். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ்தான் என் முதல் தேர்வு. அதன் குறைந்தபட்சத் தொகையே இரண்டு லட்சம். ஒவ்வொரு பரிமாற்றமும் தனித்தனியாக, உடனுக்குடன் தீர்க்கப்படுகிறது; தீர்ந்த பிறகு அனுப்பியவரால் திரும்ப எடுக்க முடியாது. 2020 டிசம்பர் 14 முதல் 24 மணி நேரமும் ஓடுகிறது. ஆனால் கிளைக்குப் போய்ச் சலான் எழுதுகிறவருக்கு வங்கி நேரம்தான். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமையும் ஞாயிறும் கிளை கிடையாது. நெட் பேங்கிங்கில் போடுகிறவர் தடுக்கி விழும் இடம் வேறு. புதிதாகச் சேர்த்த பெயருக்கு முதல் நாள் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடாது. அதனால் உங்கள் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் முந்தின நாளே கொடுத்து, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் (இன்னொரு வங்கிப் பரிமாற்ற முறை) இரண்டிலும் பெறுபவர் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதி 2025-இல் வந்துவிட்டது; உங்கள் பெயர் சரியாகத் தெரிகிறதா என்று அவர் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு ரூபாய் யார் பெயரில் வந்தது என்பதை நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு லட்சத்துக்குள் என்றால் ஐஎம்பிஎஸ் போதும். அது உடனே ஏறும், அதன் உச்சவரம்பு ஐந்து லட்சம், அதற்குள் வங்கிகள் தங்கள் வரம்பைக் குறைத்தும் வைத்திருக்கும். நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போவதால் கொஞ்சம் தாமதம் ஆகும். அதில் ஒரு தந்திரமும் உண்டு. நாளைய தேதிக்கு நேரம் குறித்து வைத்துவிட்டு, "பரிமாற்றம் பதிவானது" என்ற திரையைக் காட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் ரத்து செய்துவிடலாம். யுடிஆர் எண் (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்), ஸ்கிரீன்ஷாட், வங்கி முத்திரை போட்ட சலான் எதுவுமே பணம் ஆகாது.

உங்கள் போனுக்கு வரும் குறுஞ்செய்தியும் அப்படித்தான். "உங்கள் கணக்கில் 3,25,000 வரவு" என்று எந்தப் பத்து இலக்க எண்ணிலிருந்தும் அனுப்பலாம். வங்கியின் செயலியைத் திறந்து இருப்பையும் வரவு வரியையும் பாருங்கள். அப்போதும் மொத்த இருப்பைப் பார்க்காமல், எடுக்கக்கூடிய இருப்பைப் பாருங்கள். யாராவது உங்கள் கணக்கில் காசோலை போட்டிருந்தால் மொத்தத்தில் அது தெரியும், ஆனால் எடுக்க முடியாது. செயலி வைத்திருக்காத பெரியவர்கள் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வரும் வரை சாவியைச் சட்டைப்பையை விட்டு எடுக்கக் கூடாது.

யுபிஐ முன்பணத்துக்கு மட்டும். சாதாரணமாக ஒருவருக்கொருவர் அனுப்பும் வரம்பு நாளுக்கு ஒரு லட்சம்; கார் விலைக்கு அது எட்டாது. பச்சை டிக் போட்டு, சத்தமும் எழுப்புகிற போலிச் செயலிகள் இருக்கின்றன, எனவே இங்கேயும் உங்கள் பக்கத்து இருப்புதான் சாட்சி. பணம் வாங்க பின் நம்பர் போடவே வேண்டாம், க்யூஆர் ஸ்கேன் செய்யவும் வேண்டாம். இதை எல்லோரும் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள், இருந்தும் ராணுவ அடையாள அட்டையின் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் மனசு இளகிவிடுகிறது. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன கம்மவான்பேட்டை இருக்கிற மாவட்டம் இது. "ஆர்மியில இருக்கேன், போஸ்டிங்ல இருக்கேன், வண்டிய பாக்காமலே எடுத்துக்கறேன்" என்ற பேச்சு மற்ற ஊர்களைவிட இங்கே கூடுதலாக எடுபடும். வண்டியைப் பார்க்காமல் கார் வாங்குகிற சிப்பாய் கிடையாது.

காசோலை வேண்டாம். 2025 அக்டோபர் 4 முதல் தீர்வு வேகமாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் சனிக்கிழமை சாயந்தரம் காசோலையும் கையுமாக வருகிறவருக்கு, திங்கள்கிழமை நீங்கள் வங்கிக்குப் போவதற்குள் ஸ்டாப் பேமென்ட் (காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்ற உத்தரவு) கொடுக்க நேரம் இருக்கிறது. திரும்பி வந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். வழக்கு சத்துவாச்சாரி கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும், வண்டி வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

டிடி (வங்கி வரைவோலை) நம்பகமானது என்ற பேச்சு பழையது. அச்சடித்த போலி டிடி வரும். 2018 செப்டம்பர் 15-க்குப் பிறகு எடுக்கும் டிடியில் எடுத்தவரின் பெயரும் அச்சாகி இருக்க வேண்டும், அது இல்லையென்றால் தொடவே வேண்டாம். இருந்தாலும் அவர் கொடுக்கும் போன் எண்ணில் கிளையை விசாரிக்காதீர்கள். டிடி எடுக்கும்போது கூடவே கவுன்டரில் நிற்கலாம். ஆனால் அந்தக் கவுன்டர் வரைக்கும் போனவர்கள் அங்கேயே ஆர்டிஜிஎஸ் போட்டுவிடலாமே.

ரொக்கம் பற்றி இரண்டு தப்பான எண்ணம் நிலவுகிறது. ஒன்று, சட்டச் சிக்கல் கொடுப்பவருக்கு என்பது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 269எஸ்டி என்று 2017 ஏப்ரல் 1 முதல் வந்து, இப்போதைய சட்டத்திலும் தொடரும் விதியின்படி, இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அபராதம் வாங்கியவருக்கு. அதுவும் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம். இன்னொன்று, மூன்று நாளாகப் பிரித்து வாங்கினால் தப்பிவிடலாம் என்பது. ஒரே விற்பனைக்கு வந்த ரொக்கத்தை எல்லாம் சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே நாலு லட்சத்து வண்டிக்கு ஒன்றரை லட்சம் ரொக்கம், மீதி வங்கி வழியாக என்றால் தவறில்லை. ரொக்கப் பங்கு இரண்டு லட்சத்தைத் தொடாமல் இருக்க வேண்டும்.

ரொக்கம் வாங்குவதென்றால் வீட்டு வாசலில் எண்ணாதீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், உங்கள் கணக்கிலேயே கட்டுங்கள். மிஷின் எண்ணட்டும். கள்ள நோட்டு சிக்கினால் வங்கி அதை முத்திரை குத்தி வைத்துக்கொண்டு ஒரு ரசீது தரும், பணம் தராது. ஒரே தடவையில் அஞ்சு நோட்டும் அதற்கு மேலும் என்றால் போலீசுக்குப் போகும். அவரும் பக்கத்தில் நின்றால்தான் இன்னொரு நோட்டு கேட்க முடியும். 2000 ரூபாய் நோட்டு கொடுத்தால் வாங்காதீர்கள். அதை மாற்ற ரிசர்வ் வங்கி அலுவலகம்தான் வழி, நமக்கு அது சென்னை.

வாங்குபவர் லோன் போட்டு எடுக்கிறார் என்றால் அனுமதிக் கடிதத்தை நம்பி வண்டியை விடக் கூடாது. பணம் யார் கணக்குக்கு விடுவிக்கப்படும் என்று கேளுங்கள். பழைய வண்டி ஃபைனான்சில் அது புரோக்கர் கணக்குக்குப் போவது உண்டு, அங்கே போய் நின்றும்விடும். நேரே உங்களுக்கு வர வேண்டும். ஆர்சி பெயர் மாறும் வரை ஒரு தொகையைப் பிடித்து வைப்பதும் வழக்கம்; எவ்வளவு, எப்போது வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் வண்டிமேலேயே லோன் பாக்கி இருந்தால் நிலைமை தலைகீழ், இப்போது பயப்பட வேண்டியவர் வாங்குபவர். கடன் கொடுத்த வங்கியிடம் இன்ன தேதிவரை இன்ன தொகை என்று முடிப்புக் கடிதம் வாங்கி, அந்தத் தொகையை அவர் நேரே லோன் கணக்கில் கட்டட்டும், மீதியை உங்களுக்கு அனுப்பட்டும். கடன் முடிந்ததைச் சொல்லும் வங்கியின் என்ஓசியும் படிவம் 35-உம் வர நாளாகும். அதுவரை ஒரு சிறு தொகையை அவர் நிறுத்தி வைத்தால் கோபப்பட நியாயமில்லை.

ஆந்திராவின் சித்தூர், குப்பம் பக்கத்து ஆட்கள் வாங்கினால் படிவம் 28-இல் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (இதுவும் என்ஓசிதான்) தேவை. "பாதி இப்போ, மீதி என்ஓசி வந்ததும்" என்பார்கள். சரி என்று சொல்லலாம், ஆனால் வண்டி உங்கள் வீட்டிலேயே நிற்கட்டும். மாநில எல்லையில் உள்ள கிறிஸ்தியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிய வண்டிக்குப் பாக்கிப் பணம் கேட்பது லேசான வேலை இல்லை.

மூன்றாவது ஆள் நடுவில் இருக்கும் மோசடியையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் விளம்பரத்தின் படங்களை எடுத்து, குறைந்த விலைக்கு இன்னொரு விளம்பரம் போடுவான். உங்களிடம் "என் மச்சான் வந்து பார்ப்பான், அவன்கிட்ட விலை பேசாதீங்க" என்பான். வாங்க வருகிறவரிடமும் அதையே திருப்பிச் சொல்வான். வந்தவர் பணத்தை அவன் கணக்கில் போட்டுவிட்டு உங்களிடம் சாவி கேட்பார். இரண்டு பேருமே ஏமாந்தவர்கள், ஆனால் சண்டை உங்கள் வாசலில். விலை பேசக் கூடாது என்று யார் சொன்னாலும், எதிரில் நிற்பவரிடம் வாய் திறந்து விலையைக் கேட்டுவிடுங்கள்.

பணம் ஏறிய பிறகுதான் விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29-இலும், படிவம் 30-இலும் கையெழுத்து. எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். வாங்குபவரின் பெயரும் முகவரியும் நிரம்பியிருக்க வேண்டும். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும், ஓடிய கிலோமீட்டரும், சேசிஸ் எண்ணும், யுடிஆர் எண்ணும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். விற்றதை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் வேறு மாநிலம் என்றால் 45 நாள். பதிவில் பெயர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளர் மேலேயே நிற்கும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் பெயர் மாற்ற விண்ணப்பிக்கும்போது உங்கள் மொபைலுக்கு ஓடிபி வரும். அதைக் கேட்டு வாங்குபவர் போன் செய்வார், கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும் முன் செய்தியை முழுசாகப் படியுங்கள். வண்டி எண் பற்றிய ஓடிபியா, வங்கியிலிருந்து வந்ததா என்று. அப்படியே கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகையும் கழற்றி, கொடுத்த வங்கியில் மூடிவிடுங்கள். இல்லையென்றால் புது ஆள் பெங்களூருக்குப் போய்வர, பள்ளிகொண்டா டோல்கேட்டில் கழிவது உங்கள் பணமாக இருக்கும்.