கப்பலில் ஒரு பாதிரியார்

ஜூன் 9
பள்ளி திறந்த வாரமே இரண்டு பையன்கள் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். லீடர் என்ன செய்தான் தெரியுமா? கரும்பலகையில் இருவர் பெயரையும் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தான். எனக்கு ஹென்றி வில்லியம் புல்லன் ஞாபகம் வந்துவிட்டார்.

1836-இல் பிறந்த ஆங்கிலேயப் பாதிரியார். சாலிஸ்பரி தேவாலயத்தில் இருந்தபோது, 1870-இல், பிரெஞ்சு - பிரஷ்யப் போரைப் பள்ளிக்கூடச் சண்டையாக எழுதினார்: 'டேம் யூரோப்பா பள்ளியில் சண்டை'. பிரான்ஸாகிய லூயியின் தோட்டத்துப் பூப்பாத்திகள் மேல் பிரஷ்யாவாகிய வில்லியத்துக்குக் கண். இங்கிலாந்தாகிய ஜான், சட்டாம்பிள்ளையாக இருந்தும், 'நான் நடுநிலை' என்று ஒதுங்கி நிற்கிறான். கடைசியில் டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவனும் அவன்தான். முதலில் அச்சிட்டது 500 பிரதி. விற்றதோ லட்சத்துக்கும் மேல்.

ஜூன் 12
இப்படி எழுதிய மனுஷர் 1875-இல் வட துருவம் தேடிப் போன 'அலர்ட்' கப்பலில் பாதிரியாராக ஏறிவிட்டார். நாற்பதை நெருங்கும் வயதில்! தலைவர் ஜார்ஜ் நேர்ஸ். கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவின் வடகரையில் கப்பல் பனியில் உறைந்து நின்றது. 142 நாள் சூரியனே கிடையாது. பொழுது போகவேண்டுமே? வியாழக்கிழமைகளில் நாடகம், பாட்டு, சொற்பொழிவு. புல்லன் பாட்டெழுதித் தந்தார். பிரசங்கத்தைவிட அதுதான் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மார்ச்சில் குளிர் மைனஸ் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் கீழே போனது.

ஜூன் 15
1876 ஏப்ரல் 3. ஏழு சறுக்குவண்டிகள், 53 பேர். பனிமேல் நின்று புல்லன் ஜெபம் சொல்ல, எல்லோரும் துதிப்பாடல் பாடி, வண்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கப்பல் அதிகாரி மார்க்கமின் குழு வட அட்சரேகை 83 டிகிரி 20 நிமிடம் வரை போனது. அதுவரை யாரும் எட்டாத வடக்கு. ஆனால் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பிடித்துவிட்டது. ஈறு வீங்கி, கால் கறுத்து, இழுக்க வேண்டியவர்களையே வண்டியில் போட்டு இழுக்கும் நிலைமை. அதைத் தடுக்கும் எலுமிச்சைச் சாறு உறைந்துவிடும் என்று எடுத்துப் போகவில்லை. அதற்காக நேர்ஸ் பிற்பாடு விசாரணையில் மாட்டிக்கொண்டது தனிக்கதை.

ஜூன் மாதம், திரும்பும் வழியில், அந்தக் குழுவிலிருந்த ஜார்ஜ் போர்ட்டர் இறந்தார். பனியிலேயே குழி. துடுப்பு ஒன்று, வண்டிச் சட்டம் ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் சிலுவை. பாதிரியார் பக்கத்தில் இல்லை. இதை வாசித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஜூன் 18
திரும்பி வந்த புல்லனுக்கு ஆர்க்டிக் பதக்கம் கிடைத்தது. அப்புறம் பல வருடம் ஐரோப்பாவில் சுற்றி, முர்ரே என்ற லண்டன் பதிப்பகத்தின் பயணக் கையேடுகளைத் திருத்திப் பதிப்பித்தார். 1903-இல் மறைவு. அவர் பெயரில் எல்ஸ்மியர் தீவில் ஒரு மலை இருக்கிறது.

இன்று வகுப்பில் ஜான் கதையைச் சொன்னேன். லீடர் எழுந்தான். "சார், நடுவில நான் போயிருந்தா என் சட்டையும்ல கிழிஞ்சிருக்கும்?" யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.