அந்த 28-இல் பாதம் இல்லை

"கையெல்லாம் பரவாயில்ல டாக்டர், காலைத்தான் தரையில வைக்க முடியல." மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) மருந்து எடுக்கிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும், நோய் அடங்கிவிட்டதாகச் சீட்டில் எழுதியும் இருக்கும். வலி மட்டும் போயிருக்காது.

இதற்கு ஒரு காரணம் கணக்கிலேயே இருக்கிறது. நோயின் வேகத்தை அளக்க மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது டிஏஎஸ்28 என்ற மதிப்பெண் கணக்கு. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல் மூட்டுகள், முழங்கால் என்று 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்ப்பார்கள். கணுக்காலும் கால்விரல் மூட்டுகளும் அந்த 28-இல் வராது. எண் குறைந்திருந்தாலும் பாதத்தில் வீக்கம் மிச்சமிருக்கலாம். அதனால் கேட்காவிட்டாலும் காலைக் காட்ட வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவது நம் வழக்கம். ருமட்டாலஜிஸ்டை, அதாவது மூட்டுவாத மருத்துவரை, பார்க்கப் போகும்போது மட்டும் பழைய செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அடிப்பகுதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது, நடையில் எங்கே பாரம் விழுகிறது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

வலி அதிகம் பிடிப்பது முன்பாதத்தில், விரல்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழே. அங்குள்ள மூட்டுகள் வீங்கித் தளரும்போது விரல்கள் மேலே தூக்கி மடங்கத் தொடங்கும். எலும்பு முனைகளுக்கு அடியில் மெத்தை போல இருக்கும் கொழுப்புத் திசு, விரல்களோடு சேர்ந்து முன்பக்கம் நகர்ந்துவிடும். பிறகு எலும்பு முனை நேராகத் தோலை அழுத்தும். "கூழாங்கல் மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்வது இதனால்தான்.

இதற்கு உதவும் சின்னப் பொருள் மெட்டாடார்சல் பேடு. ரப்பரிலோ சிலிக்கானிலோ செய்த, நீர்த்துளி வடிவத் திண்டு. பெரும்பாலோர் தப்பு செய்வதும் இதில்தான். வலிக்கிற இடத்தில்தானே மெத்தை வேண்டும் என்று நேராக அதன் அடியிலேயே ஒட்டிவிடுகிறார்கள். அப்படி வைத்தால் அழுத்தம் கூடும். திண்டு இருக்க வேண்டியது வலிக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக. எலும்பின் தண்டைத் தாங்கித் தூக்கினால்தான் முனையின் மேல் விழும் பாரம் குறையும்.

இடம் பிடிக்க எளிய வழி உண்டு. குங்குமத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் குழைத்து, அழுத்தினால் அதிகம் வலிக்கும் புள்ளியில் தொட்டு வையுங்கள். இன்சோல் (செருப்பில் பாதம் படும் உள்தளம்) மேல் ஒரு தடவை நேராக நின்று காலை எடுத்தால் அதில் சிவப்புப் பொட்டு பதிந்திருக்கும். திண்டின் அகலமான முனை விரல் பக்கம் பார்க்க, அதன் விளிம்பு பொட்டுக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் பின்னால் நிற்க வேண்டும். முதலில் இருபக்கம் ஒட்டும் டேப்பில் வைத்து வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். உறுத்தினால் 2 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளுங்கள். சரியாக அமைந்த பிறகே பசை. இரண்டு காலுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் விழுவது அபூர்வம். 5 மில்லிமீட்டர் உயரமுள்ள திண்டில் தொடங்கலாம். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள். விரல் மரத்தாலோ கொப்புளம் வந்தாலோ கழற்றிவிட வேண்டும்.

பின்பட்டி இல்லாத செருப்பில் இந்த வேலையெல்லாம் வீண். கால் முன்னும் பின்னும் வழுக்கும், திண்டு இடம் மாறும். ஹவாய் செருப்பு வேண்டாம் என்பதும் அதனால்தான். அது கழன்று போகாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் மடங்கிப் பற்றிக்கொள்கின்றன. ஏற்கெனவே மடங்கும் விரல்களுக்கு அது கூடுதல் பயிற்சி!

கடையில் 'எம்சிஆர் செருப்பு' (மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பரில் செய்தது) என்று கேட்டால் எல்லாரும் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். மென்மை மட்டும் போதாது. மேல்தளம் மெத்தென்று, அடித்தளம் கெட்டியாக இருக்க வேண்டும். கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல் பகுதியில் மட்டும் வளைந்தால் நல்லது, நடுவில் சப்பாத்தி போல மடிந்தால் வைத்துவிடுங்கள். பட்டிகள் வெல்க்ரோவாக இருந்தால் வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்தலாம், விரல் வலிக்கும் கையாலும் மாட்டலாம். அளவெடுப்பது சாயங்காலத்தில். வெள்ளைத் தாளில் நின்றபடி பாதத்தை வரைந்து, வெட்டி, அந்தத் தாளை ஷூவுக்குள் விடுங்கள். ஓரம் மடங்கினால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

வீட்டுக்குள்தான் சிக்கல் அதிகம். டைல்ஸ், கிரானைட் தரையில் வெறுங்காலோடு சமையலறையில் இரண்டு மணி நேரம் நிற்பதை எந்த மாத்திரையும் ஈடுகட்டாது. வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். பூஜையறையில் செருப்பு கூடாதென்றால் அடியில் ரப்பர் புள்ளி வைத்த தடித்த காலுறை போடலாம். சாதாரணக் காலுறை டைல்ஸில் வழுக்கும்.

மெட்டி போடுகிறவர்களுக்கு ஒன்று. இரண்டாம் விரல் வீங்கும்போது மூடிய வளையம் இறுகிக்கொள்ளும். முனை திறந்த, தளர்த்தக்கூடிய மெட்டிக்கு மாற்றிவிடுங்கள். இப்போதே இறுகியிருந்தால் காலை உயரத்தில் வைத்து, குளிர்ந்த நீர் ஒற்றி, எண்ணெய் தடவிச் சுழற்றி எடுங்கள். விரல் நீலம் பாரித்தால் இழுத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்கச் சொல்ல வேண்டும்.

காலையில் முதல் அடிதான் கொடுமை. படுக்கையில் இருந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் பத்துத் தடவை, வட்டமாகப் பத்துத் தடவை ஆட்டி, விரல்களை விரித்துச் சுருக்கிய பிறகு செருப்பில் காலை நுழைத்துக்கொள்ளுங்கள். விறைப்புக்கு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம். சூட்டை முழங்கையால் பார்க்கவும். மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாளில் வெந்நீர் வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் போதும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு இரண்டுமே ஆகாது.

உள்ளங்காலில் காய்ப்பு வந்தால் பிளேடு, கார்ன் கேப் இரண்டையும் தொடாதீர்கள். கார்ன் கேப்பில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கியிருக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். சின்னப் புண்ணும் பெரிதாகலாம். தவிர, காய்ப்பு என்பது அழுத்தத்தின் அடையாளம். திண்டு சரியாக அமையாதவரை சுரண்டச் சுரண்ட வரும்.

கணுக்காலின் உட்பக்கம் வீங்கி, பாதத்தின் வளைவு தட்டையாகிக்கொண்டே வந்தால் காத்திருக்க வேண்டாம். அங்கே ஓடும் தசைநாண் நைந்துகொண்டிருக்கலாம். பாதம் இன்னும் இளகி வளைந்து கொடுக்கும்போது அளவெடுத்துச் செய்த இன்சோல் வளைவைத் தாங்கும். இறுகிய பிறகு அதே இன்சோலால் உறுத்தலைக் குறைக்க மட்டுமே முடியும்.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து கொதித்து, காய்ச்சலும் வந்தால் அதை வழக்கமான முடக்குவாத வலி என்று நினைக்காதீர்கள். மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். முன்பாதம் திடீரென்று தொங்கித் தூக்க முடியாமல் போனாலும் அப்படித்தான்.

எம்சிஆர் நிரந்தரமில்லை, தினம் மிதித்தால் அமுங்கிவிடும். மாதத்துக்கு ஒரு தடவை முன்பாதம் படும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் எழும்பி வராமல் அப்படியே நின்றால் புதிது வாங்கும் நேரம். பழைய திண்டைப் பெயர்த்து அதில் ஒட்டாமல் குங்குமப் பொட்டை மறுபடி வைத்துப் பார்த்துவிடுங்கள். இதற்குள் இடம் மாறியிருக்கும்.