மேசைக்கு வாடகையாக 98 பகடைகள்

என் இழுப்பறையில் 14 செட் பகடைகள் இருக்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லிப் பகடை உருட்டும் ஆட்டம், ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு செட் என்றால் 7 பகடைகள். 4 முகம், 6 முகம், 8 முகம், 10 முகத்தில் இரண்டு, 12 முகம், அப்புறம் எல்லோரும் கும்பிட்டும் திட்டியும் உருட்டுகிற அந்த 20 முகம். ஆக மொத்தம் 98. நான் உருட்டுவது என்னவோ ஒரே ஒரு கரும்பச்சை செட்டைத்தான். மிச்சம் 13 செட்டை ஏன் வாங்கினேன் என்று போன மாதம் வரை யோசித்ததே இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை போனபோது, நாங்கள் ஆடுகிற விளையாட்டுப் பொருள் கடையில் மேசைக்கு மேசை ஓர் அட்டை நின்றது. இனிமேல் உட்கார்ந்து ஆட ஆளுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தது. நாங்கள் 6 பேர். மூன்று வருடமாக அதே மூலை மேசை, வாரம் தவறாமல் 4 மணி நேரம். அந்த மேசையின் ஒரு கால் ஆடும். அதன் அடியில் முட்டுக் கொடுத்திருக்கிற மடித்த அட்டைகூட நான் வைத்ததுதான். அதனால் எனக்குத்தான் கோபம் அதிகம் வந்தது. எங்களை மாதிரி ஆட்கள் உட்கார்ந்து கூச்சல் போடுவதால்தானே கடை உயிரோட்டமாகத் தெரிகிறது, அந்த விளம்பரத்துக்கு நாங்களே காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். சண்டைக்கு வரவில்லை. "அண்ணா, போன சனிக்கிழமை உங்க மேசையிலேர்ந்து எனக்கு வந்தது ஒரு செட் பகடை. அதையும் நீங்கதான் வாங்கினீங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். ஆட்டம் முடிந்து 6 பேர் எழுந்து வெறுங்கையோடு கல்லாவைக் கடந்து போக எனக்குக் கூச்சம். ஏதாவது வாங்க வேண்டும். புத்தகம் ஏற்கெனவே இருக்கிறது, பொம்மை வீரர்களுக்கு வண்ணம் தீட்டப் பொறுமை இல்லை. மிஞ்சியது பகடை. மற்றவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. எங்கள் குழுவில் ஒருவர், பெயர் வேண்டாம், அந்த மேசையில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் தள்ளுபடியில் புத்தகம் ஆர்டர் செய்தவர். எது எத்தனை சதவீதம் மலிவு என்று எங்களுக்கு உரக்க வாசித்தும் காட்டினார். ஆக அந்த மேசை ஒருநாளும் இலவசமாக இருந்ததில்லை. அதற்கான வாடகையை வெட்கப்படுகிறவன் மட்டும் கட்டிக்கொண்டிருந்தான்.

கார்டு ஆடுகிறவர்கள் இதைப் பற்றி அலட்டிக்கொள்வதே இல்லை. மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டம் வந்தது 1993-இல், வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களை அதன் நிறுவனமே கடைகள் வழியாக நடத்தத் தொடங்கியது 2000-இல். டிராஃப்ட் என்றால் வழக்கமாக 8 பேர் ஒரு வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு 3 பூஸ்டர் பாக்கெட்டை, அதாவது உள்ளே என்ன கார்டு என்று தெரியாத புதுப் பாக்கெட்டை, பிரிப்பார்கள். நுழைவுக் கட்டணத்துக்குள்ளேயே பாக்கெட் விலை இருக்கிறது, நாற்காலி விலையும் இருக்கிறது. யாரும் அதை மேசை வாடகை என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் ஆட மறுபடி பாக்கெட் வாங்க வேண்டும். கடைக்காரருக்கு இதைவிட நல்ல மேசை கிடைக்காது.

எங்கள் ஆட்டமோ நேர் எதிர். எங்கள் விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது, திருத்திய பதிப்பு 2024-இல். நடுவில் 10 வருடம். ஒரு புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் வைத்துக்கொண்டு அந்தப் பத்து வருடமும் ஆடியிருக்கலாம். கற்பனையை யாரும் பாக்கெட்டில் போட்டு விற்க முடியாது. விளம்பரம் என்று நான் பேசியதும் இங்கேதான் பல்லிளித்தது. எங்களைப் பார்த்து மயங்கி யாராவது இந்த ஆட்டத்துக்கு வந்தாலும், வாங்கப்போவது ஒரு புத்தகம். அதையும் ஆன்லைனில்.

இன்னும் மோசம் சதுரங்கம். ஒரு பலகை ஒரு ஆயுளுக்குப் போதும், பேரனுக்கும் கொடுக்கலாம். சதுரங்கம் ஆட இடம் கொடுத்தவர்கள் காய் விற்றுப் பிழைக்க முடியாது என்பது பழைய சங்கதி. லண்டனில் 1828-இல் தொடங்கிய, காபி குடித்துச் சதுரங்கம் ஆடும் இடமான சிம்ப்சன்ஸ் திவானில் உள்ளே நுழையவே கட்டணம் உண்டு. 1851-இல் ஆண்டர்சன், கீசெரிட்ஸ்கி என்ற இரண்டு சதுரங்க வல்லவர்கள் லண்டனில் ஆடிய, 'அழியாத ஆட்டம்' என்று பெயர்பெற்ற ஆட்டம் அங்கேதான் நடந்ததாகச் சொல்வார்கள். தோற்ற கீசெரிட்ஸ்கி பாரீஸில் கஃபே த லா ரெஜான்ஸ் என்ற காபிக் கடையில் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆடியும் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தவர். நான் ஏதோ புதுசாக வந்த பேராசை என்று நினைத்துக் கொதித்த விஷயத்துக்கு இவ்வளவு வயது. பில்லியர்ட்ஸ் மேசைக்கு மணிக்கணக்கில் காசு கொடுக்கும்போது நாம் கோபப்படுவதும் இல்லை. குச்சியையும் பந்தையும் வாங்கினால் மேசை இலவசம் என்று அங்கே யாரும் நமக்குப் பழக்கப்படுத்தவில்லை.

சரி, மேசைக்குக் கட்டணம் வாங்கலாம் என்றால் எப்படி வாங்குவது? இதில்தான் கடைக்காரரோடு எனக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை. மேசைக்கா, ஆளுக்கா? பொம்மை வீரர்களை வைத்துப் போர் ஆடும் வார்ஹாமர் 40,000-இல் 2000 புள்ளி ஆட்டத்துக்கு 44 அங்குல அகலம், 60 அங்குல நீளம் வேண்டும். ஆடுவது 2 பேர். கார்டு ஆடுகிறவரின் விரிப்பு 24-க்கு 14 அங்குலம். எதிரெதிராக உட்கார்ந்தால் அதே இடத்தில் 4 பேர். சுற்றி நடக்க விடும் வழியையும் சேர்த்தால் போர் ஆடும் இரண்டு பேர் ஒரு சின்ன அறையையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்றால் நெருக்கியடித்து உட்காரும் நாங்கள் அவர்களுக்குச் சேர்த்துக் கட்டுகிறோம். நியாயமாக மேசைக்குத்தான் வாங்க வேண்டும். அதைச் சொன்னேன். வார்ஹாமர்காரர்கள்தான் பெயின்ட் வாங்குகிறார்களே என்றார். நான் பகடை வாங்கவில்லையா என்று கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

கட்டணத்தைக் கடைக் கிரெடிட்டாக, அதாவது அதே கடையில் பொருள் வாங்கிக் கழித்துக்கொள்ளும் தொகையாக, திருப்பித் தருவது பல கடைகளில் இருக்கிற ஏற்பாடு. எல்லோரும் அதுதான் சுமுகம் என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். கிரெடிட் கொடுத்தால் நான் என்ன வாங்குவேன்? பதினைந்தாவது செட். மேசைக்கு என்று வாங்கினால் மேசைக்கு என்றே வாங்கட்டும். போனில் தள்ளுபடி வாசித்தவரும் கட்டுவார், அதற்குப் பிறகு அவர் எங்கே புத்தகம் வாங்கினால் எனக்கென்ன.

காசு கொடுத்ததில் எனக்கு ஒரு தைரியம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் போட்டி நடக்கிற நாளில் "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றால், கோப்ளின்களோடு நடக்கிற சண்டையைப் பாதியில் நிறுத்தி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுவோம். இலவசமாக உட்கார்ந்திருப்பவன் என்ன பேசுவது? கட்டணம் கொடுத்த முதல் வாரமே மேசைக் கால் ஆடுகிறது என்று சொன்னேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. கடைக்காரர் ஸ்குரூடிரைவரோடு வந்து குனிந்தார், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மடித்த அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டேன். மேசையை முன்பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்களும் குறைந்திருக்கிறார்கள் என்றார்.

எங்கள் குழுவில் ஒரு கல்லூரிப் பையன் இருக்கிறான். திருடன் பாத்திரம் ஆடுவான், ஆறு பேரில் அவன்தான் கெட்டிக்காரன். அட்டை வைத்த பிறகு இரண்டு வாரம் வரவில்லை. பரீட்சை என்றான். அது பரீட்சைக் காலமே இல்லை என்று எனக்கு மூன்றாவது வாரம்தான் உறைத்தது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் கட்டணம் கிடையாது என்று கடைக்காரர் ஒரு விதி வைத்திருக்கிறார். இவனுக்கு 19. விதிக்கு என்ன தெரியும்.

இப்போது நான் இரண்டு பேருக்குக் கட்டுகிறேன். எங்கள் ஆட்டத்தில் கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். டன்ஜன் மாஸ்டர் தன் திருடனுக்குக் கட்டுவது வழக்கம் என்று அவனிடம் ஒரு கதை விட்டேன். நம்பினானா தெரியாது, வந்துவிட்டான். அவனிடம் சொந்தப் பகடை எப்போதும் இருந்ததில்லை, என் பதின்மூன்றில் ஒன்றைத்தான் இத்தனை நாளும் உருட்டுகிறான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்குக் கட்டியும், பகடை வாங்கிய காலத்தைவிடக் குறைவாகத்தான் போகிறது.